விருந்தாளி யானைகள்

சேரர்களும் ரோமானியர்களும் போர்க்களத்தில் சந்தித்ததாக எந்தச் சரித்திரப் புத்தகமும் சொல்லவில்லை. மிளகு வாங்க வந்தவர்களோடு யார் சண்டை போடுவார்கள்? ஆனால் உடுமலையில், ஜாபர் பாய் பேக்கரியின் மாடியில், இரண்டு படைகளும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் சேரர்களே ஜெயிப்பார்கள். காரணம் சுலபம். சேரப் படைக்குத் தலைவி நான்.

என் பெயர் மயிலாத்தாள். காற்றாலைக் கோபுரங்களில் ஏறி, கயிற்றில் தொங்கி, இறக்கைகளில் விழும் விரிசல்களைச் சரிசெய்வது என் பிழைப்பு. பெயிண்ட் அடிப்பதை ட்ரோன் பார்த்துக்கொள்ளும். விரிசல் எவ்வளவு ஆழம் என்று விரலால் தடவிப் பார்க்க இன்னும் மனிதர்தான் வேண்டும். பயம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிரே ரோமானியப் படையோடு உட்கார்ந்திருந்தவர் நாட்ராயண்ணன். என் கூட்டாளி. கோபுரத்து உச்சியில் ஒருவர் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இறக்கையோரம் இறங்குவார். ஆறேழு வருஷம் நானும் அவரும் ஒரே ஜோடி. போன வருஷம் அவர் இறங்கியிருந்தபோது பிரேக் நழுவி இறக்கை அசைந்தது. இறக்கையின் விளிம்பில் உரசி அவருடைய முதல் கயிறு அறுந்தது. மிச்சமிருந்தது என் கையில் இருந்த கயிறு ஒன்றுதான். கயிறு ஓடாமல் நிறுத்த வேண்டிய பூட்டு பாதிதான் பிடித்தது, மீதியை நான் பிடித்தேன். கீழிருந்து ஆட்கள் ஏறி வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு கீறலோடு தப்பினார்.

ஆனால் விபத்தில் மாட்டியவர் மறுபடி ஏற வேண்டுமானால் மனம் நிலையாக இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். அது கிடைக்காமல் அண்ணன் ஸ்டோர் ரூமில் போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உச்சியில் நின்று ஊரையே பார்த்த மனிதருக்கு அந்த அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. வருஷம் முடிந்தால் ஏறும் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். அன்றைக்கு மேசையில் நடந்தது அவருடைய கடைசிப் பரீட்சை.

பொம்மை வீரர்களை வைத்து எப்படிப் பரீட்சை என்று கேட்பீர்கள். எல்லாம் நாடி மோதிரத்தின் வேலை.

முன்பு நாங்கள் தாயக்கட்டை உருட்டித்தான் விளையாடுவோம். எதிரி பாய்ந்து வரும்போது நம் வீரர்கள் நிற்பார்களா, ஓடுவார்களா என்பதைக் கட்டை சொல்லும். பிறகு இந்த மோதிரம் வந்தது. விரலில் மாட்டிக்கொண்டால் நம் நாடியையும் வியர்வையையும் படித்து, மேசையில் இருக்கும் படைகளுக்கு அனுப்பிவிடும். கட்டைவிரல் உயர வீரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு தட்டில் நிறுத்தியிருப்போம். தட்டின் ஓரத்தில் சின்ன விளக்கு, அடியில் சின்னச் சக்கரம். தலைவர் நிதானமாக இருந்தால் விளக்கு பச்சை. கலங்கினால் மஞ்சள். உள்ளே நிஜமாகவே பயந்துவிட்டால் சிவப்பு, உடனே தட்டு தானாகத் திரும்பி ஓட ஆரம்பித்துவிடும். வாயால் என்ன வீராப்புப் பேசினாலும் செல்லாது.

விளையாட்டுச் சாமானாக வந்தது விளையாட்டோடு நின்றிருக்கலாம். நம் ஆட்கள் விடுவார்களா? பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை விரலில் மோதிரத்தை மாட்டி, டீப்பாயில் ஒரு குதிரை வீரனை நிறுத்தியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா இரண்டு கேள்விதான் கேட்டார். குதிரை வெருண்டு ஓடி கேசரித் தட்டில் விழுந்தது. சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அந்தப் பையன் பாவம், அவளைப் பிடித்துப்போனதால்தான் படபடத்தானாம். அதை யார் கேட்டார்கள்? பிறகு பஸ் டிரைவர்களுக்கு வந்தது, பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு.

சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டர் ரெஜினா நல்ல மனுஷி. கறாரானவர், ஆனால் அலட்டல் இல்லாதவர். மேசையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜாபர் பாய் கொடுத்த தேங்காய் பன்னைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை சோதிச்சோம், ரெண்டு தடவையும் சிவப்பு" என்றார். "பரீட்சைன்னு உட்கார வெச்சா யாருக்கும் அப்படித்தான் வரும். அதனாலதான் பழகின ஆட்டத்துலயே பார்க்கலாம்னு விதியை மாத்தியிருக்காங்க."

"ஏனுங் டாக்டர், மோதிரத்துலயே நேரா நாடியப் பாத்துக்கலாமுங்களே? எதுக்குங்க இந்தப் பொம்மையெல்லாம்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது கூடாது. ஒருத்தரோட உடம்புக் கணக்கை வேலை கொடுக்கறவங்க பார்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பொம்மையைப் பத்தி சட்டம் ஒண்ணும் சொல்லலை. படை நின்னுச்சா ஓடுச்சா, அதை மட்டும் நான் எழுதலாம். அவரோட நடுப்படை கடைசிவரைக்கும் நிக்கணும். ஓடிட்டா முடிஞ்சுது."

"அப்ப மனுசனுக்கு மானம் இருக்குது, பொம்மைக்கு இல்லைங்கறீங்க" என்றார் நாட்ராயண்ணன்.

"நான் சொல்லலைங்க. சட்டம் சொல்லுது."

அண்ணன் என்னைப் பார்த்து, "இதப் பாரு அம்மிணி" என்றார். "பாவம் பாத்து வெளையாடிப் போடாத. நீ விட்டுக் குடுத்து நா செயிச்சா அந்தச் சர்ட்டிபிகேட்ட வாங்க மாட்டேன்."

"உங்களுக்கு எதுக்குங்ணா விட்டுக் குடுக்கறேன்? எப்பவும் போலத் தோத்துப் போங்க, ஆனா நின்னு தோத்துப் போங்க. போதும்."

ஜாபர் பாய் கெக்கெக்கென்று சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவர் விளக்குகள் எல்லாம் பச்சை. என்னுடையதும் பச்சை. மனசுக்குள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அண்ணன் மறுபடி ஏறப்போகிறார், அதற்கு நான் காரணமாக இருக்கப்போகிறேன். இதைவிட என்ன வேண்டும்?

ஆட்டம் தொடங்கும் முன் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்ப காலத்தில், ஒரு மேட்டுக்குப் பின்னால் நிற்கும் வில்லாளிகள் எதிரிக்குத் தெரிவார்களா மாட்டார்களா என்ற சண்டையில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனார்கள். அதற்கப்புறம் ஜாபர் பாய் ஒரு ஏற்பாடு செய்தார். சண்டைக்கு முன்னால் ஆளுக்கொரு படையை எதிராளிக்கு விருந்தாளியாக அனுப்பிவிட வேண்டும். அந்த விருந்தாளி அன்றைக்கு முழுக்க எதிராளி பக்கம்தான் போரிடும். "நம்ம வீட்டுப் புள்ளை அந்தப் பக்கம் நிக்கிதுன்னா எவனும் கண்ணுமண்ணு தெரியாம அடிக்க மாட்டான்" என்பது அவர் கட்சி. அது பலித்தது. சண்டை போட்ட இருவரும் இப்போது ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள்.

மோதிரம் வந்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. விருந்தாளிப் படையின் இணைப்பை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. எங்கே நின்றாலும் அது தன் சொந்தக்காரரின் மோதிரத்தைத்தான் கேட்கும். அதில் ஒரு சுவாரசியம் இருந்தது. உங்கள் அணியின் நடுவில் அந்நியர் ஒருவருடைய தைரியம் நிற்கிறது. அதை நீங்களும் ஆட்டிவைக்க முடியாது, அனுப்பியவரும் வேண்டுமென்று பயந்து காட்ட முடியாது.

அன்றைக்கும் கை தானாக வழக்கத்தைச் செய்தது. அண்ணன் தன் கவண்காரர்களை என் பக்கம் தள்ளினார். விருந்துக்கு அனுப்புவதென்றால் நல்லதைத்தானே அனுப்ப வேண்டும்? என் படையிலேயே அழகான தட்டை எடுத்து நீட்டினேன். மூன்று யானைகள். முகபடாமுக்குப் பொன்நிறம் தீட்ட ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருந்தேன். அண்ணன் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, தன் நடுப்படையில், இரண்டு ரோமானியக் காலாட்படைகளுக்கு இடையே வைத்தார்.

இது பரீட்சை, இன்றைக்கு மட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதை யாராவது அறிவித்துவிட்டா செய்வார்கள்?

ஆட்டம் தொடங்கியது. நான் பாவம் பார்க்கவில்லை. வலப்பக்க மேட்டில் வில்லாளிகளை ஏற்றி ரோமானியக் குதிரைப்படையை முதலில் துரத்தினேன். அண்ணன் தாடையைச் சொறிந்தார், அவ்வளவுதான். ஈட்டிக்காரர்களை நேராக அவர் நடுப்படை மேல் அனுப்பினேன். கேடயங்களை ஒட்டி நிறுத்தி வாங்கிக்கொண்டார். இடப்பக்கம் வளைத்தேன். ஒரு அணியைத் திருப்பி அடைத்தார். ஒவ்வொரு அடிக்கும் டாக்டர் மேசைமேல் குனிந்து ரோமானியத் தட்டுகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை. ஓரிடத்தில்கூட மஞ்சள் எட்டிப் பார்க்கவில்லை.

"என்ன அண்ணா, தியானம் கியானம் பண்றீங்களா?" என்று சீண்டினேன்.

"நீ அடிக்கற அடிய அடி. நா பாட்டுக்கு நிக்கறேன்."

நின்றார். அருமையாக நின்றார். எனக்கு ஒரே பெருமை. தோற்கடிக்கவும் ஆசை, அவர் தோற்காமல் இருக்கவும் ஆசை. அந்த மாதிரி ஆட்டத்தை நான் அதற்கு முன் ஆடியதில்லை.

ஆட்டம் முக்கால் பாகம் முடிந்திருக்கும். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, சந்தோஷமாகச் சொன்னார். "இப்படியே போனா திங்கட்கிழமையே ஏறலாம் நாட்ராயன். பழைய ஜோடியாவே போடச் சொல்லி எழுதறேன். நீங்க இறங்குங்க. மயிலா கயிறு பிடிக்கட்டும்."

நான் ஒன்றும் செய்யவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. அண்ணனின் நடுப்படையில் யானைத் தட்டின் விளக்கு மஞ்சளானது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது. யானைகள் திரும்பின. பின்னால் நின்ற ரோமானியர்களின் மீது ஏறி, தட்டோடு தட்டு மோதி, குட்டிக் குட்டிக் கேடயங்களைச் சாய்த்துக்கொண்டு மேசை விளிம்புவரை ஓடிப்போய் நின்றன.

"அடடா" என்றார் டாக்டர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நடுப்படை ஓடிடுச்சே."

ஜாபர் பாய் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அடுத்தவருடைய பயத்தை வெளியில் சொல்வது எங்கள் மன்றத்தில் மரியாதை இல்லை.

நாட்ராயண்ணனும் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அது யாருடைய யானை, யாருடைய மோதிரம், எல்லாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரீட்சையில் தேறிவிடுவார். அவர் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க டாக்டரம்மா. என்ற படை ஓடிப்போச்சுங்க. எழுதிக்குங்க" என்றார்.

நான் சும்மா இருந்தாலே போதும் என்று தோன்றியது. அண்ணன் தரையில் பத்திரமாக இருப்பார். என் உரிமத்துக்கும் ஆபத்தில்லை, என் பெயருக்கும் ஆபத்தில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த விபத்துக்குப் பிறகு நான் ஒருவருக்கும் கயிறு பிடித்ததே இல்லை. யாரோடு போனாலும், "நீங்க மேல இருங்க, நா எறங்கறேன்" என்று முந்திக்கொள்வேன். எல்லோரும் அதைத் தைரியம் என்றார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். எனக்குக் கயிற்றில் தொங்கப் பயமில்லை. இன்னொருவர் உயிர் என் கையில் தொங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷம் இது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமை நினைத்துக்கொண்டேன். நான் செய்த தப்புக்கு அந்த மனிதர் அங்கே போகக் கூடாது.

"டாக்டர், அந்த யானை அண்ணனுதில்லீங்க" என்றேன். "என்னுதுங்க."

"புரியலையே?"

"அவரு பக்கந்தான் நிக்குது. ஆனா என்ற மோதிரத்தக் கேக்கற யானைங்க. இங்க அப்பிடி ஒரு வழக்கமுங்க." சொல்லிவிட்டு மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

மேசை விளிம்பில் யானைத் தட்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. என் சேர வீரர்களின் விளக்குகளும் அணைந்தன. மேசையில் வெளிச்சம் இருந்தது ரோமானியத் தட்டுகளில் மட்டும்தான். யானை மிதித்து, பாதி வீரர்கள் சாய்ந்து கிடக்க, அத்தனை தட்டும் பச்சையாக எரிந்தன.

டாக்டர் குனிந்து அந்தப் பச்சையை ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்.

"யானை திரும்பி மிதிச்சபோதும் இவர் கலங்கலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "நீங்க எதுக்கு பயந்தீங்க மயிலா?" என்றார்.

"நா கயிறு புடிக்கோணும்னு சொன்னீங்கல்லங்க. அதுக்குத்தானுங்க."

"என்ற அம்மிணிக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அண்ணன் குறுக்கிட்டார். "காலைல இருந்து சாப்புடாம இருந்திருக்கும். அதுல படபடன்னு வந்திருக்கும்."

"பொய் சொல்லாதீங்ணா. ரெண்டு பன்னு தின்னுட்டுத்தான் உக்காந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த மோதிரத்துக்கு பயம் வந்தது தெரியும். எதுக்காகன்னு தெரியாது. எனக்கு இப்ப தெரியுது, ஆனா தெரிஞ்சு நான் என்ன பண்ண முடியும்? கோபுரம் ஏறுறவங்க படை ஓடினதை என் கண்ணால பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி எழுந்து போக முடியாது."

"தெரியுமுங்க. எழுதுங்க."

எழுதினார். நாட்ராயன் ஏறலாம். மயிலாத்தாள் அடுத்த சோதனை வரைக்கும் ஏறக் கூடாது. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் சாய்ந்து கிடந்த ரோமானியர்களை ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தினேன். அழுகை வந்தது, அழவும் செய்தேன். ஜாபர் பாய் கீழே போய் இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை பூலவாடிக்குப் பக்கத்தில் வேலை. கோபுரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு பலகை, பலகைமேல் பொம்மைகள். எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் கற்றுக்கொண்ட வித்தை அது. வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை. மோதிரம் போட்டவர் நிதானமாக இருக்கும்வரை பொம்மை நிற்கும். கலங்கினால் விழுந்துவிடும், உடனே ஆளை இறக்கிவிடுவார்கள். நிதானம் திரும்பினால் பொம்மை தானாகவே எழுந்து நிற்கும். யாருடைய உடம்புக் கணக்கையும் யாரும் பார்க்கவில்லை, பொம்மையைத்தான் பார்க்கிறார்கள். சட்டத்துக்கும் திருப்தி, கம்பெனிக்கும் திருப்தி.

அன்றைக்கு எனக்கு அந்தக் கொட்டகையில் வேலை. வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குக் காவல். மேலே போகாதவளுக்கும் ஒரு மோதிரம், ஒரு பொம்மை. என் சேர வீரன் காலையிலிருந்தே குப்புறத்தான் கிடந்தான். அண்ணனின் ரோமானியன் ஜம்மென்று நின்றான். பக்கத்தில் கார்மேகத்தின் பொம்மை. கார்மேகம் கயத்தாற்றுப் பக்கம் நிறைய கோபுரம் ஏறியவர், எங்கள் பகுதிக்குப் புதிது. அவர் பொம்மை ஒருமுறைகூட விழுந்ததில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணனுக்குக் கயிறு பிடிக்க அவரைத்தான் போட்டிருந்தார்கள்.

இருவரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் இறங்க ஆரம்பித்ததாக வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகப் போயிற்று. அப்புறம் ரோமானியன் விழுந்தான்.

சூப்பர்வைசர் ஓடிவந்து பார்த்தார். காற்று குறைவு. பிரேக் பிடித்திருந்தது. கயிறுகள் இரண்டும் நன்றாக இருந்தன. கார்மேகத்தின் பொம்மை அசையாமல் நின்றது. என்ன காரணம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணனை இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

கொட்டகைக்குள் வந்த அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னங்ணா ஆச்சு? பழைய ஞாபகம் வந்துருச்சுங்களா?"

"அதெல்லாம் இல்ல அம்மிணி." கொஞ்சம் யோசித்தார். "கயிறு நடுங்கவே இல்ல."

"நடுங்கலீன்னா நல்லதுதானுங்களே?"

"எனக்கு நல்லதில்ல. அன்னைக்கு நீ புடிச்ச கயிறு நடுங்கிட்டே கெடந்துச்சு, தெரியுமா உனக்கு? கீழ தொங்கிட்டிருந்த எனக்கு உன்ற மூஞ்சி தெரியல. நீ கூப்பிட்டது காத்துல கேக்கல. அந்த நடுக்கம் மட்டும் கயித்துல வந்துட்டே இருந்துச்சு. மேல ஒரு உசுரு இருக்குது, என்னைய உட்டுரக் கூடாதுன்னு கெடந்து தவிக்குதுன்னு அதுல தெரிஞ்சுது. அத வெச்சுத்தான் தொங்கிட்டிருந்தேன். கார்மேகம் நல்ல ஆளு, அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா அந்தக் கயிறு தூண்ல கட்டுனாப்பல கம்முன்னு இருக்குது. மேல ஆளு இருக்குதா, டீக் குடிக்கப் போயிருச்சான்னே தெரியல. அந்த நெனப்பு வந்ததும் எனக்குக் கையி காலு ஓடல."

ஒரு வருஷம் நான் அடித்த தம்பட்டமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப நா பயந்தது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஏனுங்ணா சொல்லல?"

"நீ பயமே கெடையாதுன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டு சந்தோசமாத் திரிஞ்ச. அத நா எதுக்குக் கெடுக்கோணும்?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனிதரைத் தரையில் விட்டுவிட்டு நான் எங்கே ஏறி என்ன செய்வேன்? செல்லை எடுத்து டாக்டர் ரெஜினாவைக் கூப்பிட்டேன். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"டாக்டர், மயிலாத்தாள் பேசறனுங்க. நாட்ராயண்ணன் பொம்மை இங்க விழுந்துருச்சுங்க." நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அதனால அண்ணனுக்கு நானே கயிறு புடிக்கறனுங்க. உங்க சோதனைக்கு எப்ப வேணும்னாலும் வர்றேன். ஆனா சோதனைல என்ற படை ஓடத்தான் செய்யும், அத இப்பவே சொல்லிப் போடறனுங்க. பயந்துட்டேதான் புடிப்பேன். கைய மட்டும் விட மாட்டேன்."

டாக்டர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை; ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பொம்மை இப்ப எப்படி இருக்கு மயிலா?"

"குப்புறக் கெடக்குதுங்க."

"அவரோடது?"

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க டாக்டர்" என்றேன், "எந்திரிச்சு நின்னுச்சு."